மூணேகாலடி

சைக்கிள்களைத் தூக்கித் தூக்கி ஓரமாக நிறுத்தியே செல்வக்குமாருக்குத் தோள்பட்டை விட்டுப்போயிருந்தது. வந்தவன் பூராவும் சைக்கிளில்தான் வந்திருந்தான். அக்கா வீட்டுச் சந்து மொத்தமே எட்டடி. அதில் இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து என்று ஸ்டாண்டு போட்டுவிட்டுப் பந்தலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் ஆஸ்பத்திரி வண்டி எப்படி உள்ளே வரும்? அத்தனையும் பூட்டு வேறு போட்டிருந்தது. இழவு வீட்டுக்கு வந்தவன் சைக்கிளைப் பூட்டிவிட்டா வருவான் என்று கேட்கலாம். திருப்பூரில் பூட்டாத சைக்கிள் ஒரு டீ குடிக்கிற நேரம் நின்றால் அதிகம். ஆகவே பின்சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிப் பிடித்து, முன்சக்கரத்தை உருட்டி, ஒவ்வொன்றாக முக்கு வரைக்கும் கொண்டுபோய்ச் சாத்தினான். பாதிச் சைக்கிள்களின் ஹேண்டில்பாரில் சாப்பாட்டுத் தூக்கு தொங்கியது. துக்கம் கேட்டுவிட்டு அப்படியே ஷிப்டுக்குப் போகிறவர்கள்.

மாரப்பனும் நேற்றுக் காலை தூக்கைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் கிளம்பினார். செல்வக்குமாரின் அக்கா வேலாத்தாளைக் கட்டியவர். பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர், இருபத்திரண்டு வருசமாக ஒரே மேசை, வயசு ஐம்பத்தொன்று. எட்டேகாலுக்கு மில் ரோட்டில் சாயப்பட்டறைக்குப் போகிற தண்ணி லாரி அடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிரில்லை என்றார்கள். அறுத்துப் பார்த்துத் தருவதற்கு இன்றைக்கு மத்தியானம் ஆகும் என்றும் சொன்னார்கள்.

நேற்றுச் சாயங்காலம் ஸ்டேஷனில் ரைட்டர் எழுதினதைப் படித்துக் காட்டினார். சைக்கிளில் வந்தவர் தனக்கென்று விட்ட கோட்டைத் தாண்டி நடுரோட்டுக்குப் போய் லாரியில் மோதிக்கொண்டார் என்று இருந்தது. வேலாத்தாள் அழுகையை நிறுத்திவிட்டு, "என்ற ஊட்டுக்காரரு கோட்டத் தாண்ட மாட்டாருங்க," என்றாள். ரைட்டர் நல்ல மனுசர், குரலை உயர்த்தவில்லை. "நாளைக்கு அஞ்சு மணிக்கு வந்து அளப்பாங்கம்மா. அதுல தெரிஞ்சு போயிரும்," என்றார்.

அதிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வேலாத்தாளுக்கு ஒரே கேள்விதான். அவரு கோட்டை உட்டு வெளிய வந்தாருங்களா? பார்த்தீங்களா? யாரும் பார்த்தோம் என்றும் சொல்லவில்லை, பார்க்கவில்லை என்றும் சொல்லவில்லை. விதி என்றார்கள், நேரம் என்றார்கள். அவளுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை.

அந்தக் கோட்டைப் போட்டது செல்வக்குமார்தான்.

ஊருக்கே தெரிந்த விஷயம் ஒன்றுமில்லை அது. ரோட்டை அகலப்படுத்தி, நடுவில் திட்டுக் கட்டி, ஓரத்தில் சைக்கிளுக்கென்று நாலடி விட்டு மஞ்சள் கோடு போட்டார்கள். கோடு போட்டவன் பெயரை யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் மாரப்பனுக்குத் தெரியும். மச்சினன் ரோடு பெயிண்டிங் வேலைக்குப் போகிறான் என்பதில் அந்த மனுசருக்கு என்ன பெருமையோ. தகரத்தில் வெட்டின அச்சை வைத்துக் கோட்டுக்குள் சைக்கிள் படம் போட்ட அன்றைக்கு, வேலை முடிந்து வந்தவர் இறங்கி நின்று பார்த்துவிட்டு, "ஏம்மாப்ள, பெடலக் காணமே. இத எப்படி ஓட்டறது?" என்று கேட்டுச் சிரித்தார். இனிமேல் பயமில்லாமல் போகலாம் மச்சான் என்று அவரிடம் சொன்னது இவன் வாய்தான்.

பந்தலுக்குள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு ரோட்டைப் பற்றித்தான் போய்க்கொண்டிருந்தது. சாவைப் பற்றிப் பேச வாய் வராதவர்கள் ரோட்டைப் பற்றிப் பேசினார்கள்.

"கோடு போட்டு என்னத்துக்கு ஆச்சு அண்ணாச்சி," என்றான் சகாயராஜ். மாரப்பன் கம்பெனியில் பேக்கிங் பார்க்கிறவன், சாத்தான்குளத்துக்காரன், வந்து ஏழு வருசமாகியும் ஊர்ப் பேச்சு மாறவில்லை. "காலையில பாத்தா அது பூரா டெம்போ நிக்கி. துணி ரோலு ஏத்துதான், எறக்குதான். நாம நடுரோட்டுக்குத்தான் போவணும். அந்தக் கோட்டை நம்பிப் போறதுக்கு, கோடே இல்லாம இருந்தா மனுசன் முன்ன பின்ன பாத்துப் போவான்."

"நடுவுல திட்டுக் கட்டிப்போட்டானுங்களே, அதச் சொல்லுங்க," என்றார் பக்கத்திலிருந்த கிழவர் ஒருவர். "எதுத்தாப்ல இருக்கற கம்பெனிக்குப் போக அரை மைல் போய்ச் சுத்தி வரோணுமாமா. எவன் சுத்துவான்? எல்லாரும் எதுருலதான் வாரோம்."

"அப்படி ஒரேடியாச் சொல்லாதீக," என்றாள் நதியா. அதே கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் டைலர். பெண்கள் பக்கம் உட்காராமல் தூணோரம் நின்றிருந்தாள். நேற்று மாரப்பனுக்குப் பின்னால் சைக்கிளில் வந்தவள் அவள்தான். கண் இன்னும் வீங்கியிருந்தது. "அந்தக் கோடு வந்தப்புறந்தான் நானே சைக்கிள எடுத்தேன். அதுக்கு முன்னாடி ரெண்டு பஸ்ஸு மாறிப் போவேன். பொம்பளைக நெறயப் பேரு அப்படித்தான். பஸ்ஸுக்காரன் கோட்டுக்கு அந்தப் பக்கந்தான் போறான். உரசறதில்ல."

செல்வக்குமார் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது. இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நேத்து... டெம்போ ஏதாச்சும் நின்னுச்சுங்களா அங்க?"

"இல்லண்ணே. வழி சும்மாதான் கெடந்துச்சு." நதியா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு எடுத்தாள். "அந்த எடத்துல கோடு வளைஞ்சு போகுமில்ல, வயிறு தள்ளுன மாதிரி. நாங்கெல்லாம் அத மதிக்கிறதே இல்ல, நேராப் போயிருவோம். அவரு மட்டும் கோட்டோடவே வளைஞ்சு போவாரு. நானே ஒருநா கேட்டிருக்கேன், ஏன்ணே இப்படிச் சுத்துறீகன்னு. எம்மாப்ள போட்டதும்மா, சும்மா வளைப்பானான்னாரு. நேத்தும் அப்படித்தேன் வளைஞ்சாரு. பின்னாடி லாரி வந்தத நான்..."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. சகாயராஜ் செல்வக்குமாரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அந்த மாப்ள யாரென்று அவனுக்குத் தெரியும். கிழவர் தொண்டையைச் செருமினார்.

நாலு மாசத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. கம்பெனிகளுக்கு லீவு, ரோடு காலியாக இருக்கும் என்று அன்றைக்குக் கோடு போட இறங்கினார்கள். சுண்ணாம்பில் நனைத்த நூலை இழுத்துக் கட்டித் தட்டினால் ரோட்டில் வெள்ளையாகத் தடம் விழும். அந்தத் தடத்தின்மேல் மஞ்சள் பெயிண்ட் அடித்துக்கொண்டே போக வேண்டும். ஒரு நிட்டிங் கம்பெனி வாசலுக்கு வந்தபோது நடுவழியில் டெம்போ ஒன்று நின்றது. டிரைவர் சாவியை எடுத்துக்கொண்டு சாமளாபுரத்துக்குப் போய்விட்டான் என்றான் வாட்ச்மேன். தள்ளிப் பார்த்தார்கள், கியரில் நின்றது. வெயில் மண்டையைப் பிளந்தது, பெயிண்ட் டின்னுக்குள்ளேயே இறுகத் தொடங்கியது. மேஸ்திரி கன்னையன் வாட்சைப் பார்த்துவிட்டு, "வண்டியச் சுத்தி வளைச்சு உடு. அப்பறம் ஒரு நாளைக்கு வந்து நேரா பண்ணிக்கலாம்," என்றார். செல்வக்குமார்தான் நூலை வளைத்துப் பிடித்தான். வளைத்ததிலும் ஒரு அழகு வேண்டுமென்று, சோப்பு டப்பாவின் மூலை மாதிரி பதமாக வளைத்தான். அப்படித்தான் கை பழகியிருந்தது. மறுநாள் டெம்போ போய்விட்டது. கோடு வளைந்தபடியே நின்றுவிட்டது. நேராக்க யாரும் வரவில்லை, பில் பாஸாகிவிட்ட வேலைக்கு யார் மறுபடி போவார்கள்? இவனும் அந்த வழியாகப் பலமுறை போனான், பார்த்தான், ஒருநாள் செய்துவிட வேண்டும் என்று நினைத்தான். மச்சானிடமும் நேராக்கிவிடுகிறேன் என்று சொன்னான். சொன்னதோடு சரி.

பதினோரு மணிக்குக் கன்னையன் மாலையோடு வந்தார். வேலாத்தாளிடம் கும்பிட்டுவிட்டு, செல்வக்குமாரை முக்குக்கு அழைத்துப் போனார். சாத்தி வைத்த சைக்கிள்களுக்கு நடுவில் நின்றுகொண்டு மெதுவாகப் பேசினார்.

"கருப்புப் பெயிண்டு ஒரு டின்னு எடுத்து வெச்சிருக்கறேன். நாலு மணிக்குள்ள அந்த வளைவ அழிச்சுட்டு நேரா இழுத்துரலாம். இந்த வெயிலுக்கு அஞ்சு மணிக்குக் காஞ்சுரும். ஆளுக ரெண்டு பேரும் ஊருக்குப் போயிட்டானுங்க. நீ நூல மட்டும் புடிச்சுக் குடு, போதும்."

செல்வக்குமார் ஒரு சைக்கிளின் சீட்டைத் தடவிக்கொண்டு நின்றான்.

"என்ன யோசன பண்றே? போனவரு போயிட்டாரு கண்ணு. வளைவு இருந்துச்சுன்னு தெரிஞ்சா யாரு போட்டான்னு வரும். நானும் உள்ள போவேன், நீயும் உள்ள போவே. அதக்கூட உடு. உங்கக்கா மூஞ்சில நீ எப்படி முழிப்பே? சொல்லு."

அது நேற்று ராத்திரி முழுக்க அவனே அவனைக் கேட்டுக்கொண்ட கேள்விதான். அம்மா போன பிறகு அவனுக்குச் சோறு போட்டு வளர்த்தவள் அக்கா. கல்யாணமாகி வந்த வீட்டுக்கே அவனையும் கூட்டிவந்தாள். இன்னொரு வாய் வருகிறதே என்று மாரப்பன் ஒருநாள் முகம் சுளித்ததில்லை. அவர் சைக்கிளின் முன்பாரில் உட்கார்ந்துதான் இவன் பள்ளிக்கூடம் போனான்.

"எடுத்தப்பறம் வாரேனுங்க," என்றான் கடைசியில். சொல்லும்போது நூல் பிடிக்கப் போகிறானா, வேறெதற்குப் போகிறானா என்று அவனுக்கே தெரியாது. கன்னையன் அவன் தோளில் தட்டிவிட்டு டிவிஎஸ் வண்டியை உதைத்துக் கிளம்பினார்.

பன்னிரண்டரைக்கு வண்டி வந்தது. முகத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தார்கள். முகத்தில் ஒரு கீறல் இல்லை. தூங்குகிற முகம் என்று சொல்லக்கூட முடியாது, மாரப்பன் தூங்கினால் வாய் பிளந்துகொள்ளும். இது வாயை இறுக்கிக்கொண்டு, அயர்ன் பாக்ஸை அழுத்தும்போது வைத்திருப்பாரே, அந்த முகம். மூலனூரிலிருந்து வந்திருந்த மகள் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள். பெண்கள் தோள்மேல் கை போட்டுக்கொண்டு மாரடித்து அழுதார்கள். வேலாத்தாள் மட்டும் தலைமாட்டில் உட்கார்ந்து அவர் நெற்றியை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

குளிப்பாட்டி முடித்து, மாலை போட்டு, எடுக்கிற நேரம் வந்தது. "பொறந்த ஊட்டுக் கோடி போடோணுமல்ல, தம்பி எங்க?" என்று ஒரு பெரியவர் குரல் கொடுத்தார்.

அதை அவன் மறக்கவில்லை. தாலி அறுந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வர வேண்டும், அம்மா அப்பா இல்லாத வேலாத்தாளுக்குத் தம்பிதான் பிறந்த வீடு. காலையில் கடை திறந்ததும் போய் எடுத்து வந்திருந்தான். வெள்ளை எடுக்க மனம் வரவில்லை, ஊதா எடுத்திருந்தான். மடிப்புப் பிரிக்காத அந்தச் சேலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்து அக்காவுக்கு முன்னால் முட்டி போட்டான்.

வேலாத்தாள் சேலையைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள்.

"செல்வா, நீயாச்சும் சொல்லு சாமி. அந்த ரைட்டர் எழுதுனது நெசமா?"

அவர்களைச் சுற்றி ஒப்பாரி உச்சத்தில் இருந்தது. அவன் என்ன சொன்னாலும் அவளைத் தவிர யாருக்கும் கேட்காது. ஒன்றும் சொல்லாவிட்டாலும் தெரியாது. தலையை ஆட்டிவிட்டுச் சேலையைத் தோளில் போட்டுவிட்டு எழுந்துவிடலாம்.

"இல்லக்கா," என்றான். "மச்சான் கோட்டுக்குள்ளதான் போனாரு. கோடுதான் வெளிய போச்சு. டெம்போ நின்னுச்சுன்னு நாந்தான் வளைச்சுப் போட்டேன். அப்பறம் நேரா பண்ணாம உட்டுப்போட்டேன்."

அவன் நீட்டிய சேலை இருவருக்கும் நடுவில் அப்படியே இருந்தது. வேலாத்தாள் நெற்றியை நீவுவதை நிறுத்தவில்லை. அவள் விரல் ஒருமுறை புருவத்துக்கு வந்தது, திரும்பிப் போனது, மறுபடி வந்தது. இந்தச் சேலையைத் தட்டிவிடுவாள் என்று அவன் நினைத்தான். தட்டிவிட்டால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான்.

"சொன்னாரு," என்றாள் வேலாத்தாள். குரல் வற்றிப்போயிருந்தது. "அந்த எடத்துல எல்லாரும் சிரிச்சுட்டு நேராப் போறாங்களாமா. நான்கூட, உங்களுக்கு மட்டும் என்னங்க, நேராப் போங்களேன்னேன். மாப்ள வந்து நேரா பண்றேன்னிருக்கான், பண்ணிருவான், அது வரைக்கும் கோட்ட மதிச்சுப் போனா என்ன கொறஞ்சுபோச்சுன்னாரு."

செல்வக்குமாருக்கு அப்போதுதான் அழுகை வந்தது. நேற்றிலிருந்து வராதது.

அவள் அவனைத் தேற்றவில்லை. தொடவுமில்லை. அவனே சேலையைப் பிரித்து அவள் தோளில் போர்த்தினான், அவள் போர்த்த விட்டாள். பெரியவர்கள் பாடைக்குக் கை கொடுக்கக் குனிந்தபோது, அவள் புருசன் முகத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கோட்டுக்குள்ளதான் போனாருன்னு எழுதச் சொல்லு. எத்தன பேரு வாயில உழுந்து எந்திரிக்கோணும் நானு? அவரு கோட்டுக்குள்ளதான் போனாரு. எழுதச் சொல்லு."

சுடுகாட்டில் பங்காளி வீட்டுப் பையன் கொள்ளி வைத்தான். எல்லோரும் குழாயடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு திரும்பினார்கள். செல்வக்குமார் ஈர வேட்டியோடு நேராக மில் ரோட்டுக்கு நடந்தான். மணி மூன்றே முக்கால்.

கன்னையன் நிட்டிங் கம்பெனி வாசல் வேப்பமரத்தடியில் டின்னோடு நின்றிருந்தார். நூல் கண்டும், உருளை பிரஷ்ஷும், இரண்டு இரும்புக் கம்பியும் தயாராக இருந்தன. வழக்கத்துக்கு விரோதமாக அன்றைக்கு அங்கே டெம்போ ஒன்றும் இல்லை. மஞ்சள் கோடு ரோட்டோரமாக வந்து, அந்த வாசலில் மட்டும் பதமாக வளைந்து வெளியே போய், ஒரு வண்டி நீளம் ஓடி, மறுபடி உள்ளே திரும்பியது. வளைவின் முனையில் ரத்தம் தெரியாமல் யாரோ மணல் அள்ளிப் போட்டிருந்தார்கள்.

"வா வா, சீக்கிரம் புடி," என்றார் கன்னையன்.

செல்வக்குமார் டின்னை வாங்கினான். மூடியைத் திறக்காமல் தரையில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தான்.

"என்ன பண்றே?"

கன்னையன் முதலில் கெஞ்சினார். பிறகு வைதார். நாலு கோடு போடத் தெரிந்துவிட்டால் பெரிய மனுசனா என்றார், இனிமேல் இந்தத் தொழிலில் எவன் உன்னைச் சேர்ப்பான் என்றார். அதெல்லாம் உண்மைதான். செல்வக்குமாருக்கு எழுந்திருக்கத் தெம்பில்லை, அவ்வளவுதான். வேட்டி நனைந்து டின்னில் ஒட்டிக்கொண்டிருந்தது. நாலரைக்குக் கன்னையன் நூலையும் பிரஷ்ஷையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

ஐந்து மணிக்கு மேல் ஏட்டும் ஒரு போலீஸ்காரரும் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். முதல் ஷிப்டு விட்டிருந்தது. சைக்கிள்கள் சாரிசாரியாக வந்துகொண்டிருந்தன. வளைவுக்கு வந்ததும் எல்லாம் கோட்டைச் சட்டை பண்ணாமல் நேராகப் போயின. மணலைப் பார்த்தவர்கள் மட்டும் பெடலை நிறுத்தினார்கள். ஏட்டு அங்கே இங்கே பார்த்துவிட்டு, "ரோட்டோரத்துல இருந்து இது எவ்வளவு தள்ளிப் போகுதுன்னு பாக்கலாம். முதல்ல அந்த நேர்க்கோட்டுக்கும் இந்த வளைவுக்கும் வித்தியாசம் எடு. யோவ், யாராச்சும் டேப்போட முனையப் புடிங்கப்பா," என்றார்.

செல்வக்குமார் எழுந்து போய் முனையை வாங்கினான். நேர்க்கோடு முடிகிற இடத்தில் குத்துக்காலிட்டு, பெருவிரலால் தரையில் அழுத்திப் பிடித்தான். போலீஸ்காரர் டேப்பை இழுத்துக்கொண்டு வளைவின் விளிம்புக்குப் போய், மணலுக்குப் பக்கத்தில் குனிந்தார். நிழல் விழுந்ததால் எண் தெரியாமல் கண்ணைச் சுருக்கினார்.

"மூணேகாலடிங்க," என்றான் செல்வக்குமார், இருந்த இடத்திலிருந்தே.

போலீஸ்காரர் டேப்பைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு நிமிர்ந்து ஏட்டைப் பார்த்தார். ஏட்டு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு இவன் பக்கம் திரும்பினார். சீவாத தலையையும், காய்ந்தும் காயாத வேட்டியையும், தோளில் கிடந்த துண்டையும் பார்த்தார்.

"செத்தவருக்கு நீ என்ன வேணும்?"

"மச்சினனுங்க."

"இது இவ்வளவுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நூல் புடிச்சது நானுங்க. அவரு கோட்டுக்குள்ளதான் போனாரு. எழுதிக்குங்க."

ஏட்டு எழுதத் தொடங்கினார். இரண்டு சைக்கிள்காரர்கள் இறங்கி, குறுக்கே கிடந்த டேப்பை மிதிக்காமல் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டினார்கள். போலீஸ்காரர் அந்தப் பக்கத்து முனையை விட்டுவிட்டு மணலைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடப் போனார். டேப் தளர்ந்து ரோட்டில் கிடந்தது. செல்வக்குமார் தன் முனையைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். விடச் சொல்லி யாரும் சொல்லவில்லை.